பீரங்கியின் முழங்கால்

"சிரிக்கவே வேண்டாம் சார், முகத்தை எடுக்கல" என்றார் இயக்குநர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடுப்புக்கு மேலே கறுப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்ததை வெளிச்சத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலித் தைலத்துக்கு விளம்பரம். பழைய கால்பந்து ஆட்டக்காரர் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். புதுச் சட்டை போட்டு, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தேன். அப்பா டிவியில் வரப்போகிறார் என்று சித்தி, மாமா, ஒன்றுவிட்ட அத்தை வரைக்கும் மகள் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள்.

கால் மட்டும் வருமாம். அதுவும் முழங்காலும் அதற்குக் கீழேயும்.

முகம் யாருடையது என்று கேட்டேன்.

"நம்ம பீரங்கி சார்தான்!"

மூக்கைச் சுளித்தேன். தைலத்தின் நாற்றமா, அந்தப் பெயரா, தெரியவில்லை.

பதினாலு வருஷம் ஒரே அணியில் ஆடினோம். அவன் முன்வரிசை, நான் நடுக்களம். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி, நாக்குத் தள்ள ஓடி, அவன் காலடியில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அதைத் தட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுற்றுவது அவன் வேலை. மறுநாள் பேப்பரில் அவன் படம் வரும். ஓரத்தில் சில சமயம் என் முழங்கை தெரியும்.

ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் பீரங்கி, எனக்கு எறும்பு.

ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை, பாருங்கள். உழைக்கிற கால் என்னுடையது, பல்லைக் காட்டுகிற வாய் அவனுடையது. த்தூ.

அவன் காலுக்கு என்ன கேடு? கண்டதையும் தின்று, குடித்து, தூண் மாதிரி வீங்கிப் போயிருக்கும். கேமரா முன்னால் நீட்ட வெட்கமாக இருக்கும்.

இன்னும் கொஞ்சம் பளபளப்பு வேண்டும் என்றார் இயக்குநர். இரண்டாம் தடவையாகத் தேய்த்தேன். விளக்குச் சூட்டில் தைலம் பிசுபிசுவென்று விரலிடுக்கில் ஒட்டியது. சட்டென்று எழுந்துவிட்டேன். அவன் மூஞ்சிக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இந்தக் காலைக் கொடுப்பதா இல்லையா என்று சொல்வேன்.

ஒப்பனை அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான். எங்கள் அணியின் பழைய சட்டை, முகம் நிறைய பவுடர், மடியில் தடித்த போர்வை. என்னைப் பார்த்ததும் கோல் போட்டவன் மாதிரி சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"ஊர்ல வேற காலே கிடைக்கலையாடா உனக்கு?"

போர்வையை விலக்கினான்.

வலது கால் தொடையோடு முடிந்திருந்தது. மிச்சப் பேண்ட்டை மடித்து ஊக்கு குத்தியிருந்தார்கள்.

அவன் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"இந்த ஒரு தடவை பாஸ் குடுத்துடுடா, எறும்பு. வேற யாரையாவது கூப்பிட்டா விஷயம் வெளிய போயிடும்."

எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"சர்க்கரைப் புண்ணு. டாக்டர்கிட்ட போகாம ரெண்டு வருஷமா இதையேதான் தேய்ச்சுட்டு இருந்தேன்." மேஜை மேல் இருந்த பச்சைத் தைலக் குப்பியைக் கண்ணால் காட்டினான். "போன விளம்பரத்துல நான் சொன்னதை நானே நம்பிட்டேன்டா."

சொல்லிவிட்டு, பெரிய நகைச்சுவை போல, பல் தெரியச் சிரித்தான். அடுத்த விளம்பரத்துக்கான அதே சிரிப்பு.

வாசலில் இயக்குநர் வந்து நின்றார். ரெடியா சார் என்றார்.

அவனுக்குப் பாஸ் கொடுக்காமல் இன்றைக்கு வரைக்கும் நான் ஒரு நாளும் திரும்பியதில்லை. மகளிடம் என்ன சொல்வது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

காலில் இருக்கிற தைலத்தைக் கழுவிவிட்டுக் கிளம்ப வேண்டும், சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.