பச்சை எங்கே இருக்கிறது

"எடுடி கையை! என் குவியல்ல ஒனக்கு என்ன வேலை?"

கஸ்தூரியம்மாள் கடை வாசலில் நின்று போட்ட சத்தத்தில், ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அனுசுயா மட்டும் நிமிரவில்லை. அவள் உள்ளங்கையில் இருபது முப்பது காய்கள் இருந்தன. முதல் தரக் குவியலிலிருந்து எடுத்தவை. இரண்டாம் தரத்தில் போடப் போனவை.

அந்தக் கடையில் எத்தனை பேர் பொறுக்கினாலும் கடைசிப் பார்வை கஸ்தூரியம்மாளுடையது. நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம் என்று தன் கையால் பிரித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவாள். அதன்பிறகு காய் நேராகப் போடியில் நடக்கும் ஏலத்துக்குத்தான். இன்றைக்குக் கோயில் நடை சாத்தியிருந்ததால் உடனே திரும்பிவிட்டாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

அனுசுயா கையிலிருந்த காயைக் கீழே வைக்கவில்லை.

"கேக்குறேன்ல? பச்சையைத் தூக்கி ரெண்டாம் தரத்துல போடுறே. வெளுத்ததை அள்ளி இங்கன போடுறே. எவன்கிட்டக் கூலி வாங்கிட்டு என் கடையைக் கவுக்குறே?"

"கூலி நீங்கதான் குடுக்குறீக ஆத்தா. பதினெட்டு வருசமா."

"அப்பறம் ஏன்டி மாத்துனே?"

"மாத்தணும்னு தோணுச்சு."

"தோணுச்சா? நீ பொறுக்க வந்தியா, யோசிக்க வந்தியா?"

"யோசிக்காமப் பொறுக்க நான் என்ன சல்லடையா?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். கஸ்தூரியம்மாளுக்குக் காது மடல் சுட்டது.

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த மகன் சுரேஷ்கண்ணன் எழுந்து வந்தான். மதுரையில் இயற்பியல் படித்தவன்.

"விடுங்கம்மா. நிறங்கிறது காயிலயே இல்ல. வெளிச்சம் காயில பட்டு நம்ம கண்ணுக்குள்ள வருது. மூளை அதுக்குப் பச்சைன்னு பேர் வைக்குது. ஒங்க மூளை சொல்றதையே அவுக மூளையும் சொல்லணும்னு இல்லையில்ல?"

"அப்ப நான் கண்ணை மூடுனா காயெல்லாம் வெளுத்துருமா? ஏலே, மனுசக் கண்ணே படாத மலைக்காட்டுலயும் செடி காய்க்குது. அது என்ன நிறம்? பச்சை காயில இருக்குடா! எவன் பாத்தாலும் பாக்காட்டியும் அது அங்கனதான் இருக்கு. ஒன் மூளையிலயும் இல்ல, இவ மூளையிலயும் இல்ல."

குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சொல்லு. இது என்ன?"

சுரேஷ்கண்ணன் காயைப் பார்த்தான். அனுசுயாவைப் பார்த்தான். பொறுக்கும் கைகள் எல்லாம் நின்றிருந்தன.

"பச்சைதாம்மா" என்றான் கடைசியில்.

"கேட்டியாடி?"

அனுசுயா கேட்டாள். அப்போதும் காயைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் கஸ்தூரியம்மாளை இன்னும் எரித்தது. புருஷன் போன பிறகு எட்டு வருஷமாக இந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியது அவள் கண். விலை விழுந்த வருஷத்திலும் அவள் காய்க்குத் தனி மதிப்பு. ஏலத்துக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மகன் சொல்வான்: "கஸ்தூரியம்மா கண்ணே கண்ணுன்னு பேசிக்கிறாகம்மா." அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். சோறு போட்டு வைத்துக்கொண்ட ஒருத்தி, கூடவே உட்கார்ந்து, அதிலேயே கைவைத்திருக்கிறாள்.

"எந்திரி. இனி இந்த வாசலை மிதிக்காதே."

அனுசுயா எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த காய்த்தூசியைத் தட்டினாள். அப்போதுதான் அவளுக்கும் கோபம் வந்தது. கையில் இருந்ததை எடுத்த இடத்திலேயே விட்டெறிந்தாள்.

"சரி ஆத்தா. இன்னைக்கு நீங்க பாத்தபடியே போகட்டும்."

"அனுசுயாக்கா, இருங்க" என்றான் சுரேஷ்கண்ணன். அவள் திரும்பிப் பார்க்காமல் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

"அவளை என்னத்துக்குடா கூப்பிடுறே? நீயும் இங்கனயே கெட. இன்னைக்கு ஏலத்துக்கு நானே போறேன்."

"அம்மா, வேணாம்மா..."

"பேசாதே!"

கஸ்தூரியம்மாள் குனிந்து உட்கார்ந்தாள். அனுசுயா மாற்றிப் போட்டதையெல்லாம் தேடித் தேடிப் பழையபடி மாற்றினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இடுப்பு விட்டுப் போனாலும் நிறுத்தவில்லை. முதல் தரக் குவியலைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். கண் நிறைந்த பச்சை. அதிலிருந்தே மாதிரிப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

ஏலக் கூடத்தில் வியாபாரிகள் எழுந்து கும்பிட்டார்கள். முன்வரிசையில் வேல்பாண்டி இருந்தான். பெரிய வியாபாரி, அவளுக்கு அண்ணன் மகன் முறை. கஸ்தூரியம்மாள் பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னாலிருந்த தட்டில் கொட்டினாள்.

"நல்லாப் பாரு மருமகனே. இன்னைக்கு ஒருத்தி கையும் படாம, என் கண்ணே பாத்த காய்."

வேல்பாண்டி பார்த்தான். பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் தட்டின் மேல் ஒரு தாளைப் போட்டு மூடினான். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"என்ன அத்தை, பாதிக்கு மேல வெளுப்பாக் கெடக்கு... நீங்க பொறுக்குனதை எப்பவும்போல அனுசுயாக்கா இன்னைக்குத் திருத்தலையா?"