எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எல்லாம் புரிந்துவிட்டது போல் டீச்சரின் நாத்தனார் தலையை ஆட்டினாள்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தில் தன் தம்பியின் நுரையீரல் எது, இதயம் எது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். தலையாட்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

டீச்சர் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள். கணவனின் இருமலில் முதல்முறை ரத்தம் வந்தபோது டாக்டர் சொன்னதை, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே புத்தி பேதலித்து அவனுடைய ரத்தக் குழாய்களை அரிக்கிறது. நுரையீரலில் ஆரம்பித்துவிட்டது, அடுத்தது சிறுநீரகம். அந்தச் சக்தியை அடக்கத்தான் மாத்திரை.

இதை நாத்தனாருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்! ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

அழகு நிலையம் நடத்துகிறவளுக்கு எதிர்ப்பு சக்தி என்றாலே நல்லது. அதைக் குறைக்கச் சொல்கிறவன் டாக்டரே இல்லை. சின்ன வயதில் தம்பிக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லையாம், அவ்வளவு எதிர்ப்பு சக்தியாம். வாராவாரம் ஏதோ ஒரு சக்திப் பொடியை டின்னோடு தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். டீச்சர் சிரித்த முகத்தோடு வாங்கி வைப்பாள். அவள் படி இறங்கியதும் சிங்க்கில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு தனி சுகம்.

இப்போது அவன் வார்டில் ஆக்ஸிஜனோடு கிடக்கிறான். குளத்தை ஒரே மூச்சில் கடக்கிற நீச்சல் மாஸ்டருக்கு, தண்ணீர் வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு நின்று நின்று வருகிறது.

மாத்திரை சாப்பிட்டும் நோய் இப்படி ஏறக் கூடாதே, வேளை தவறாமல் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார்.

“என் கையாலதான் குடுக்கறேன் டாக்டர்,” என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு நாத்தனாரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

நாத்தனாரின் முகம் வெளுத்திருந்தது.

“பொடியை நீ கொட்டறது எனக்குத் தெரியும்மா. அதான் டப்பாவுல இருந்த அந்த மாத்திரைய எடுத்துட்டு சத்து மாத்திரை போட்டேன். அவன் என் தம்பி.”

டாக்டர் போனை எடுத்து வார்டைக் கூப்பிட்டார்.

மாத்திரைகளைக் கிழமைவாரியாக டப்பாவில் பிரித்துப் போடும் வேலையை நாத்தனாரிடம் விட்டதே டீச்சர்தான். அதற்காவது லாயக்காக இருக்கட்டும் என்று விட்டாள்.

வெள்ளை மாத்திரை மஞ்சளானதை அவள் அன்றைக்கே பார்த்தாள். போன தடவை அவனை டாக்டரிடம் கூட்டிப் போனது நாத்தனார், மருந்தை மாற்றி எழுதியிருப்பார்கள் என்று நினைத்தாள்.

போயும் போயும் இவளிடமா கேட்பது என்று, அதையே தண்ணீரோடு அவன் கையில் கொடுத்தாள்.