பெட்டியில் இரண்டு தாள்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மனநல மையம். அந்த மையத்திலே ஒரே ஒரு தோழமைப் பணியாளர். அயர்லாந்தின் மேற்குக் கரையில், பாலிகேரா என்கிற ஊர்.

தோழமைப் பணியாளர் என்றால் பெரிய படிப்பெல்லாம் இல்லை. தானே மனநோயில் விழுந்து எழுந்தவர். இன்று விழுந்து கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் இப்படித்தான் கிடந்தேன்" என்று சொல்வார். அதற்குச் சம்பளம். பாலிகேராவில் அது பெர்னி.

இந்த வேலை தொடரவேண்டுமா, மார்ச்சோடு முடித்துவிடலாமா என்று பார்க்க டப்ளினிலிருந்து ஒரு கணக்கெடுப்பு வந்தது. பெயர் எழுதவேண்டாம். தோழமைப் பணியாளர்கள் தாளை நிரப்பிப் பெட்டியில் போட்டால் போதும். யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

"இருக்கறதே நான் ஒருத்தி! தெரியாம எங்க போகும்?" என்று பெர்னி சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியை எடுத்துப்போக கீரா என்கிற பெண் வந்தாள். எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று தேநீர் அறையிலேயே எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு தாள்.

"இங்க தோழமைப் பணியாளர் எத்தனை பேர்?"

"ஒண்ணு. அதுவே எங்களுக்கு அதிகம்" என்றார் தலைமை நர்ஸ் கான்செப்டா.

"தாள் ரெண்டு இருக்கே, சிஸ்டர்."

கீரா இரண்டையும் மறுபடி எண்ணினாள்.

"மனநோய் வந்து மீண்டு இங்க வேலை பாக்கிற யார் வேணும்னாலும் நிரப்பலாம்தான்" என்று கீரா இழுத்தாள். "அதனால வேற யாராவது..."

"எனக்குத் தலைவலிகூட வந்தது கிடையாது!" என்றார் டாக்டர் ஃபெர்கல். அவரை யாரும் கேட்கவில்லை.

"எங்க வம்சத்துலயே கிடையாது" என்றார் கான்செப்டா.

"உங்க சித்தப்பா, சிஸ்டர்?" என்றாள் பெர்னி.

"அவர் கவிஞர்."

டாக்டர் எட்டிப் பார்த்தார். "கடைசியில ரெண்டு வரி கையால எழுதியிருக்கே. காட்டுங்க. இந்த ஊர்ல யார் எழுத்து யாரோடதுன்னு தபால்காரரே சொல்லிடுவார்."

"காட்டக்கூடாது டாக்டர்..."

"அட, ஒரே ஒரு வரி!" அவர் கை நீண்டுவிட்டது.

"எதுக்குப் பாக்கணும்?" கான்செப்டா பட்டென்று குறுக்கே வந்தார். "இது பெர்னி வேலைதான். மார்ச்சுக்கு அப்புறமும் சம்பளம் வேணுமே, கள்ள ஓட்டுப் போட்டிருக்கா. இந்த ஊருக்குப் புதுசா என்ன? போன தேர்தல்ல செத்தவங்களே வரிசையில நின்னாங்க!"

எல்லாரும் பெர்னியைப் பார்த்தார்கள். பெர்னியும் எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தாள். டாக்டரின் விரல் தாளின் ஓரத்தைத் தொட்டிருந்தது.

"ரெண்டும் நான்தாங்க" என்றாள் பெர்னி.

"ரெண்டுமா?"

"ஒண்ணு மழை நாள்ல எழுதினது. இன்னொண்ணு போன செவ்வாய்க்கிழமை, வெயில் அடிச்சுதே, அன்னிக்கு. வெயில் அடிச்சா இந்த ஊர்ல எல்லாருக்குமே வேற புத்திதானே? எந்தப் புத்தி டப்ளினுக்கு வேணும்னு தெரியல. ரெண்டையும் போட்டுட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். கை தானாகப் பின்னால் போனது.

கீராவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒருத்தரே ரெண்டு போட்டா ரெண்டுமே செல்லாதுங்க, பெர்னி. பாலிகேராவுல இருந்து பதிலே இல்லைன்னுதான் நான் எழுதணும். உங்க வேலைக்கு அது நல்லதில்ல."

"எழுதிக்கோம்மா. மழையில நனையாம எடுத்துட்டுப் போ."

கீரா பெட்டியோடு போனாள். நோயாளி காத்திருக்கிறார் என்று டாக்டரும் போனார்.

கான்செப்டா மட்டும் போகவில்லை. கழுவி வைத்த கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"பைத்தியமா உனக்கு?"

"அதுக்குச் சான்றிதழே இருக்கு, சிஸ்டர்."

"விளையாடாதே. வேலை போயிடும்."

"போனா என் தங்கச்சி கடையில மீன் வறுப்பேன். அந்தத் தாளைப் போட்டவங்க அதைப் பெட்டி வரைக்கும் கொண்டுவர எத்தனை நாள் தவிச்சாங்களோ. நான் பதினோரு வருஷம் வாயே திறக்காம இருந்தவ. டாக்டர் விரலால அது வெளிய வரக்கூடாது, அவ்வளவுதான்."

கான்செப்டா குழாயை மூடினார். திரும்பவில்லை.

"இருபத்தாறு வருஷம். என் புருஷனுக்கே தெரியாது. எல்லாத் தாளும் டப்ளின்ல ஒண்ணாக் கலந்துடும்னு நெனச்சேன். இங்கயே எண்ணுவாங்கன்னு யார் கண்டா?" குரல் இறங்கியது. "உன்மேல கள்ள ஓட்டுப் பழி போட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?"

பெர்னி பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"அது நீங்களா, சிஸ்டர்? நான் டாக்டர்னுல்ல நெனச்சேன்!"

கான்செப்டா திரும்பினார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"யார்கிட்டயும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல" என்றாள் பெர்னி. "நான் மறந்துட்டேன்."

வெளியே கீராவின் கார் கிளம்ப மாட்டேன் என்று இருமிக்கொண்டிருந்தது. கான்செப்டா கையைத் துடைத்தார். கோட்டும் போடாமல், குடையும் எடுக்காமல், மழையில் இறங்கி அந்தக் காரைப் பார்த்து நடந்தார்.