குழல் ஆறும் நேரம்

ஐந்தாவது குண்டும் வட்டத்தில் படவில்லை.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

துவக்கைப் பலகையில் கிடத்தினாள். தோளைத் தேய்த்துக்கொண்டாள். நமக்கு இதெல்லாம் சரிவராது என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள்.

கெங்காதரன் சிரித்தான். மனைவி தோற்றால் அவனுக்குக் கொஞ்சம் பிடிக்கும். கெட்டவன் இல்லை. கணவன், அவ்வளவுதான்.

ஐம்பது மீற்றர் தள்ளி, மண்மேட்டின் முன்னால் ஒரு மாம்பழப் பெட்டி நின்றது. ரொறன்ரோவில் தமிழ்க் கடையில் வாங்கியது. பழம் மூன்று நாளில் முடிந்தது. பெட்டியின் நடுவில் அவன்தான் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டிருந்தான்.

அவர்களுடைய பண்ணையில் நூற்றிருபது ஆடுகள். இந்த மாதம் மட்டும் ஒன்பது குட்டிகளைக் கயோட்டி கொண்டுபோயிற்று. நரியுமில்லை, ஓநாயுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பிறவி.

அதற்காகத்தான் துவக்கு. பண்ணைக்காரர்கள் வைத்திருக்கிற சாதி. விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்தது தானே வந்து உட்காரும். பனியில் கிடந்தாலும் சுடும், சேற்றில் விழுந்தாலும் சுடும். எட்டு வருடத்தில் ஒரு தரம்கூட இறுகி நின்றதில்லை.

குறிதான் பிரச்சினை.

"வேலைக்குப் பிழையில்லை, சொல்வழி மட்டும் கேளாது" என்பான் கெங்காதரன்.

குழல் மெல்லிசு. அடுத்தடுத்துச் சுட்டால் மூன்றாவதற்குள் சூடேறிவிடும். பிறகு குண்டு தன்பாட்டுக்குப் போகும். அவன் சுட்ட ஐந்தும் ஒருநாளும் ஒரே பெட்டிக்குள் விழுந்ததில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்தக் கதை என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். ஆனால் துவக்குத் திருத்துகிறவனும் அதையேதான் சொன்னான்.

இன்றைக்கு அவளைக் கூப்பிட்டது விளையாட்டுக்கு.

"நீரும் ஒருக்காச் சுட்டுப் பாருமன்."

மாட்டேன் என்றாள். மூன்று தரம் சொன்னாள். நாலாம் தரமும் சொன்னால் ஏன் என்று கேட்பான்.

அந்தக் கேள்வி வரக்கூடாது.

கலியாணம் பேசியபோது கெங்காதரனின் தாய் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பிள்ளை இயக்கத்தில் இருந்ததோ?

இல்லை என்றாள் அவளுடைய அம்மா. பதினேழு வயதில் அவள் வவுனியாவில், மாமா வீட்டில், தையல் பழகினாள் என்றாள். முழுப் பூசணிக்காய். அம்மா அதைச் சோற்றுக்குள் மறைத்தாள். பக்கத்தில் இருந்த அவளும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு ஓராள் என்று இயக்கக்காரர் வந்து கூட்டிப்போனார்கள். பதினொரு மாதம் காட்டில் இருந்தாள். அங்கே யாரும் அவளுக்கு ஊசி நூல் கொடுக்கவில்லை.

கலியாணமாகிப் பதினாலு மாதம். அவனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பயமே அதனால்தான்.

ஆகவே துவக்கைத் தொடத் தெரியாதவள்போல வாங்கினாள். மூடக்கூடாத கண்ணை மூடினாள். ஒவ்வொரு வெடிக்கும் "ஐயோ" என்று கத்தினாள். துவக்கைக் கீழே வைத்தாள், தோளைத் தடவினாள், வாளியடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள், காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். பயந்த பெண் அப்படித்தானே செய்வாள்.

வட்டத்தை அவள் பார்க்கவேயில்லை. பெட்டியின் இடது மூலையில் ஒரு மாவிலை அச்சடித்திருந்தது. அதைப் பார்த்தாள். எதையாவது பார்த்துத்தானே சுடவேண்டும்.

கெங்காதரன் பெட்டியை எடுத்துவரப் போனான்.

போனவன் திரும்பவில்லை.

குனிந்து நின்றான். மாவிலையின்மேல் உள்ளங்கையை வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐந்தும் அந்தக் கைக்குள் அடங்கிவிட்டன.

குழலைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. அவள் பயந்து நடித்த ஒவ்வொரு நிமிடமும் அது ஆறிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு வருடம் அவன் சொல்வழி கேளாத துவக்கு, அவள் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறது.

அவன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அவளைத் தாண்டி உள்ளே போனான். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தான், மாவிலை சுவரைப் பார்க்க.

மத்தியானம் சொதிக்கு உப்புக் காணாது என்றான். பின்னேரம் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டான், அதற்குப் பிறகு படுத்தான். அவள் எந்த நேரமும் கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்டால் அழுதிருப்பாள். அவன் கேட்கவில்லை.

விடியற்காலை ஆடுகள் கத்தின.

அவன் துவக்கோடு ஓடினான். அவள் பின்னால் ஓடினாள்.

கயோட்டி வேலிக்குள் நின்றது. அதற்கும் கொட்டில் சுவருக்கும் நடுவில் ஒரு குட்டி, பிறந்து நாலு நாள், அகப்பட்டுக்கொண்டு நின்றது. தாய் அந்தப் பக்கம் நின்று கத்தியது.

கெங்காதரன் துவக்கை உயர்த்தினான். குழல் முனை ஆடியது. குட்டி குறுக்கே வந்தது, விலகியது, மறுபடியும் வந்தது.

துவக்கைத் தாழ்த்தினான்.

திரும்பிப் பார்த்தான். அவளுடைய முகத்தை முதல் தரம் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு துவக்கின் பிடியை அவள் பக்கம் நீட்டினான்.

"இண்டைக்கு மாவிலையைப் பாக்காதையும்" என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

குழல் குளிர்ந்திருந்தது. இந்த முறை சரியான கண்ணை மூடினாள்.