ஊதிய விளக்கு

கண்டியில் மழை விடவில்லை. வாசலில் த்ரீவீல் ஆட்டோ காத்து நிற்கிறது. நாளைக் காலை இதய ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவரைப் பார்க்கப் புறப்படும் யோகேஸ்வரி, சாமிப்படத்தின் முன் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுக்கிறாள். மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனியிலிருந்து வந்து இந்த வீட்டில் தங்கியிருக்கும் லேனா, காலையில் தலதா மாளிகை புத்தர் கோயிலுக்கு உடுத்திப்போன அதே வெள்ளைச் சட்டையோடு விளக்கருகே குனிகிறாள். வெளியே கிளம்பும்போது தன் வீட்டு மெழுகுவர்த்திகளை அணைப்பதுபோல, அக்கறையாக வாயால் ஊதி அணைக்கிறாள். கருகிய திரியின் மணம் அறையில் நிற்கிறது. மகள் டிலானியின் முகம் வெளுத்துப்போகிறது. "என்னா பண்ணிட்ட நீ? அப்பாவுக்காக ஏத்துன விளக்கு." லேனாவுக்குச் சொற்கள் புரியவில்லை, குரல் புரிகிறது. "தப்பா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்கிறாள். கண்கள் நிறைகின்றன. யோகேஸ்வரி பையைக் கீழே வைக்கிறாள். அவள் உரசிய முதல் தீக்குச்சி ஒடிகிறது. அடுத்ததைக் கொளுத்தி லேனாவிடம் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்தே திரியை ஏற்றவைக்கிறாள். "காத்து அடிச்சிருச்சு புள்ள," என்கிறாள் மகளிடம். "போய் ஜன்னலச் சாத்து." மழைக்காக மத்தியானமே சாத்திய ஜன்னலுக்கு டிலானி போகிறாள். கொக்கியைக் கழற்றி, மறுபடியும் மாட்டுகிறாள்.