ஊசி போட்ட மீன்

“தாய்மீனுக்கு ஊசி போடுறாகளாம். ஒத்த ஊசிக்கு லட்சம் முட்டையாம்! அதுல பொரிச்ச மீனைத் தின்னா நம்ம வம்சம் வெளங்குமாய்யா?”

மீன் இலாகாக்காரர்கள் கண்மாயில் கெண்டைக் குஞ்சு விட்டதிலிருந்து, இருளாண்டி இதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கண்மாய் மீன் வீட்டுப்படி ஏறக்கூடாது என்று மனைவி சந்தனம்மாளுக்கும் கண்டிப்பான உத்தரவு.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அடுப்படியில் அடிக்கடி கவுச்சி அடித்தது. கேட்டால், “கருவாடுங்க” என்பாள். ஒருநாள் கொல்லையைக் கிளறிப் பார்த்தார். புதைத்து வைத்த மீன் செதில் கைநிறைய வந்தது.

“அடியே!” என்று அவர் பல்லைக் கடிக்கும்போதே, உள்ளே மருமகள் முருகேஸ்வரி ஓங்கரித்து வாந்தி எடுத்தாள்.

“பாத்தியா, ஊசி வேலையைக் காட்டிருச்சு!”

அலறியடித்து இருவரையும் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றினார்.

சோதித்துப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். “பயப்படாதீங்க. உங்க மருமக முழுகாம இருக்கா.”

கல்யாணமாகி இத்தனை வருசமாக இல்லாத சேதி. இருளாண்டி மனைவி பக்கம் திரும்பினார்.

“வேணாம்னு சொல்லியும் எதுக்குடி அந்த மீனை ஆக்கிப் போட்ட?”

“நீங்கதான லட்சம் முட்டைன்னு ஊரெல்லாம் சொன்னீக? நம்ம வீட்டுல ஒண்ணாச்சும் தங்காதாங்கிற நப்பாசைதான்.”