படகைத் தொடாமல்

படகிலிருந்து நீண்ட கழியின் நுனியில் ஒரு பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

சுறா அதை எட்டிப் பிடித்தார். மல்லாந்து மிதந்தபடி குடித்தார். படகின் மேல் விரல் நுனிகூடப் படவில்லை.

பட்டால் அத்தோடு முடிந்தது. அதுதான் விதி.

சுறா என்ற பட்டப்பெயரை அலுவலகத்தில் யாரும் அவருக்கு வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கூப்பிடத் தொடங்கும்வரை விடாமல் பரப்பினார். மற்ற நேரங்களில் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர்.

இன்று ஏரியின் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்த கோடையில் கடலில் நெடுந்தூரம் நீந்த நீச்சல் சங்கத்தின் அனுமதி கிடைக்கும். இந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவும்.

தண்ணீரில் சூடு தங்க உடம்பில் கொழுப்பு வேண்டும் என்று எங்கோ படித்து, தொப்பை வளர்த்தார். அதை யாராவது கேலி செய்தால், "இது தொப்பை இல்ல, கம்பளி" என்பார்.

சோபாவின் காலில் ரப்பர் கயிற்றைக் கட்டி, தினமும் காலையில் நீந்துவதுபோல் கைவீசி இழுத்தார். சோபா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சமையலறை வாசலுக்கே வந்துவிட்டது. மனைவி அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிக்கொண்டாள்.

வீட்டில் யார் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் இரண்டே வாக்கியத்தில் அதைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், நிமிஷத்துக்கு எத்தனை கைவீச்சு. மனைவியும் மகளும் தட்டைப் பார்த்தபடி தலையாட்டுவார்கள்.

இப்போது அக்கரை நன்றாகவே தெரிந்தது. அலுவலகத்துக்காரர்கள் பெரிய துணி ஒன்றில் என்னவோ எழுதி விரித்துப் பிடித்திருந்தார்கள்.

"கடைசியா ஒரு கேள்வி பாக்கி இருக்கு சார்" என்றார், படகில் இருந்த கண்காணிப்பாளர். நீச்சல் சங்கம் அனுப்பிய ஆள்.

மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தால் குளிர் மெல்ல மூளைக்கு ஏறும். ஏறியது நீந்துகிறவருக்கே தெரியாது. அதனால் ஏதாவது கேட்டுப் பார்ப்பார்கள். பதில் பிசகினால் படகில் ஏற்றிவிடுவார்கள்.

சுறா இதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார். கேட்பதற்கு முன்பே பெயர், வயது, கிழமை, பிறந்த ஊர் எல்லாம் சொல்லி, ஏழாம் வாய்ப்பாட்டையும் ஒப்பித்து முடித்தார்.

கண்காணிப்பாளர் துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் செல்லாது சார். எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுறாங்க. போன மாசம் ஒருத்தர் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே மயங்கிட்டாரு." பாட்டில் கழியோடு படகில் உட்கார்ந்திருந்த சுறாவின் மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க வீட்டு விஷயமா ஒண்ணு கேளுங்க."

மனைவி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இந்தப் படகில்தான் போயிருந்தன. அவர் எப்படியாவது கரையேறிவிட வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் இருக்க முடியாது.

இருப்பதிலேயே சுலபமான கேள்வியாகப் பார்த்து எடுத்தாள்.

"நம்ம பொண்ணு எந்த வகுப்பு படிக்கிறா?"

சுறா சிரித்தார். வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பினார்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? ஆறாவது!"

"சரியாம்மா?"

மனைவி கழியை மடியில் வைத்து உருட்டினாள்.

"சரிதான் சார்" என்றாள். அதோடு நிறுத்த அவளால் முடியவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

கண்காணிப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். படகு ஆடியது.

"பாத்தீங்களா? பழைய ஞாபகமா வருது! இப்ப நடக்குறதெல்லாம் அழிஞ்சுபோயி பழசு மட்டும் நிக்கும். குளிர் மூளைக்கு ஏறிடுச்சு. சார், படகைப் பிடிங்க!"

"எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று கத்தினார் சுறா.

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க."

படகுக்காரர் இஞ்சினை நிறுத்தினார். கரையில் கைதட்டுவது கேட்டது. கண்காணிப்பாளர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை.

"இங்க பாருங்க சார். இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. குளிர் இல்லன்னா, ஏன் தப்பாச் சொன்னீங்கன்னு ஒரு காரணம் சொல்லுங்க. நம்புற மாதிரி இருந்தா விட்டுடுறேன். நீந்திப் போயிட்டே இருங்க."

சுறாவிடம் காரணம் இருந்தது. யாரும் நம்பக்கூடிய காரணம். ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

வாயைத் திறந்தார்.

குடைக்கு அடியிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரி எப்படி வரும் என்று தெரிந்துகொள்ள அவளும் ஆவலாக இருப்பதுபோலத்தான் தோன்றியது.

"குளிருது சார்" என்றார் சுறா.

கையை நீட்டிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று பேரும் சேர்ந்து இழுத்து ஏற்றினார்கள். கம்பளி போர்த்தினார்கள். வெந்நீர் கொடுத்தார்கள். கண்காணிப்பாளர் சங்கத்துக்குப் போன் போட்டு, அருமையான நீச்சல்காரர், பாவம், குளிர் கவிழ்த்துவிட்டது என்று வருத்தப்பட்டார். படகுக்காரர் வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இஞ்சினைக் கிளப்பினார்.

மனைவி குடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்து மூடினாள். காதோரம் குனிந்தாள்.

"கொஞ்சம் நடுங்குங்க. அவரு பாக்குறாரு."